தள்ளுபடிப் பலகையை நம்பி ஏமாந்தால்: பில் முதல் நுகர்வோர் ஆணையம் வரை

ஆடி பிறந்துவிட்டால் தி. நகர் உஸ்மான் சாலையிலிருந்து மதுரை விளக்குத்தூண் வரைக்கும் ஒரே மாதிரிப் பலகைகள்தான். 50% தள்ளுபடி, 70% வரை தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். இவர்களில் உண்மையாகவே விலையைக் குறைத்துத் தருகிறவர்கள் உண்டு. பழைய சரக்கைத் தள்ளிவிட்டால்தான் தீபாவளிச் சரக்கை இறக்க முடியும் என்பது நியாயமான வியாபாரக் கணக்கு. நாம் பேசப்போவது, முதலில் விலையை ஏற்றிவைத்துக்கொண்டு அப்புறம் குறைப்பதாகச் சொல்கிறவர்களைப் பற்றி.

இவர்களுக்கு எதிராகச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. புகார்கள் தோற்பது பெரும்பாலும் ஆதாரம் இல்லாததால்தான். பலகை நாலு நாளில் இறங்கிவிடும், ஆப்பில் இருந்த விலை அன்று ராத்திரியே மாறிவிடும், பெட்டியைக் குப்பையில் போட்டிருப்போம். அதனால் இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்லப்போவது, பொருள் வாங்குகிற அந்த ஒரு நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான். மற்றதெல்லாம் படிவமும் காத்திருப்பும்.

முதல் வேலை: எந்த விலையிலிருந்து தள்ளுபடி?

சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அந்தச் சதவீதம் எந்த விலையில் கழிக்கப்படுகிறது என்று பாருங்கள். பெட்டியில் வரும் பொருள் என்றால் தயாரிப்பாளர் அச்சிட்ட எம்.ஆர்.பி. அதில் இருக்கும். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-ன்படி அது எல்லா வரிகளும் உள்ளடங்கிய விலை. அந்த விலையைக் கடைக்காரர் அழிக்கவோ மாற்றவோ கூடாது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம். ஆனால் அந்த ஸ்டிக்கர்கூடப் பழைய விலையை மறைக்கக் கூடாது.

ஒரு பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்வோம். ஸ்டிக்கரில் 2,999 ரூபாய், பலகையில் 30% தள்ளுபடி, பில்லில் 2,099. தொள்ளாயிரம் ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்த்தால் அடியில் அச்சிட்ட விலை 2,150. அதாவது நமக்குக் கிடைத்தது வெறும் 51 ரூபாய், இரண்டரை சதவீதம்கூட இல்லை. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஸ்டிக்கரை முழுதாகப் பிய்த்துவிடாதீர்கள். ஓரத்தைத் தூக்கினபடியே, இரண்டு விலையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். புகாரின் உயிர்நாடி அந்தப் படம்தான்.

துணிக்கடையிலும் நகைக்கடையிலும் கணக்கு வேறு. ஜவுளியில் பல ரகங்களுக்குக் கடையே விலை போடும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடத்தில் அதே புடவை இருக்காது. நகையில் தங்கத்தின் விலை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், விளையாட்டெல்லாம் சேதாரத்திலும் செய்கூலியிலும். கணக்குக்காக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் சங்கிலிக்கு ஒரு கடை 18% சேதாரம் போட்டு, அதில் பாதி தள்ளுபடி என்கிறது. மீதி 9%, அதாவது 7,200 ரூபாய். பக்கத்துக் கடையில் தள்ளுபடி என்ற பேச்சே இல்லை, சேதாரம் 8%, அதாவது 6,400 ரூபாய். பலகை வைத்த கடையில்தான் 800 ரூபாய் கூடுதல். இதில் சட்டம் உடனே தலையிடாது, ஏனென்றால் சேதாரத்துக்கு உச்சவரம்பு கிடையாது. நகைக்கடையில் நம் பாதுகாப்பு கேள்வி கேட்பதுதான். மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். தங்க விலை, சேதாரம், செய்கூலி, கல் விலை, ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியாக உள்ள எஸ்டிமேட்டை இரண்டு கடைகளில் வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், பிடித்த பொருளை ஒரு மாதம் முன்பே விருப்பப் பட்டியலில் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விலை வரலாற்றைக் காட்டும் இணையதளங்களும் உண்டு. விற்பனைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் விலை ஏறி, அன்றைக்கு இறங்கினால் உங்கள் கையிலேயே அது தெரிந்துவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.பி. அதிகமாக இருப்பது மட்டுமே குற்றமாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், தள்ளுபடி அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்டியே ஆக வேண்டும். நம் நாட்டில் அப்படி நாள் கணக்கு வைத்த விதி இல்லை. வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை நமக்குக் கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(47). ஒரு பொருள் சாதாரணமாக என்ன விலைக்கு விற்கிறது என்பதில் மக்களைத் தவறாக நம்பவைப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று அது சொல்கிறது. சலுகை விலை என்று விளம்பரம் செய்துவிட்டு அந்த விலைக்கு விற்கும் எண்ணமே இல்லாமல் இருப்பதும் அதில் அடங்கும். "சாதாரணமாக விற்கிற விலை" எது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். பக்கத்துக் கடை விலை, அதே கடையின் பழைய பில், பழைய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அதற்குத்தான்.

பலகையில் உள்ள சின்ன எழுத்து

"70% வரை" என்பதில் எழுபது பெரிதாகவும் "வரை" கடுகு அளவிலும் இருக்கும். உள்ளே போனால் "இந்த ரேக்குக்கு ஆஃபர் இல்லை மேடம், அந்த மூலையில இருக்கறதுக்கு மட்டும்தான்" என்பார்கள். 2022 ஜூன் 9 அன்று வந்த தவறான விளம்பரங்கள் தடுப்பு வழிகாட்டு நெறிமுறைகளில் இதற்குத் தூண்டில் விளம்பரம் என்ற வகை இருக்கிறது. அறிவித்த விலையில் போதுமான சரக்கு இருக்க வேண்டும். இருப்பு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். அதே நெறிமுறைகளில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நிபந்தனைக் குறிப்பு, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும், பெரிய எழுத்தில் சொன்னதை அது மறுக்கவும் கூடாது. தமிழில் கொட்டை எழுத்தில் தள்ளுபடி, கீழே ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் நிபந்தனை என்றால் அந்தப் பலகையே உங்கள் ஆதாரம். இலவசம் என்று சொன்னதற்கும் கண்டிப்பான விதி உண்டு. விளம்பரத்துக்குப் பதில் அனுப்பவும், பொருளை நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும் அல்லது டெலிவரிக்கும் ஆகிற தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு காசு கேட்டால் அதை இலவசம் என்று சொல்லக் கூடாது.

பில் போடும் இடத்தில்

தள்ளுபடி கழித்த விலையின் மேல் மறுபடியும் வரி போடுகிறார்களா என்று பாருங்கள். இதில் தீர்ப்பு தெளிவாக இருக்கிறது. வுட்லேண்ட் கடையில் 3,995 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட பொருளுக்கு 40% தள்ளுபடி அறிவித்து, கழித்த விலையின் மேல் 119 ரூபாய் 85 காசு வாட் வரி வாங்கினார்கள். எம்.ஆர்.பி.க்குள்ளேயே எல்லா வரியும் அடங்கிவிட்டது, அறிவித்த தள்ளுபடியைவிடக் குறைவாகக் கொடுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று 2017 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லிவிட்டது. நூற்றுச் சொச்சம் ரூபாய்க்காக ஒருவர் டெல்லி வரைக்கும் விடாமல் நின்றதால் நமக்கெல்லாம் கிடைத்த தீர்ப்பு இது. வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தாலும் நியாயம் அதேதான். 2025-ல் ஃபர்ஸ்ட்கிரை தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. எல்லா வரியும் சேர்ந்த விலை என்று காட்டிவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் தனியாக ஜி.எஸ்.டி. சேர்த்ததற்காக. 27% என்று காட்டிய தள்ளுபடி, வரி சேர்ந்த பிறகு 18.2% ஆகிவிட்டது.

பில் கட்டாயம் வாங்குங்கள். பில் தர மறுப்பதே அதே பிரிவு 2(47)-ன்படி தவறு. "எஸ்டிமேட் போதும் சார், ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள், அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு ஆணையத்தில் நிற்பது கஷ்டம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் காலவரை எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் முறையற்ற நடைமுறைதான்.

ஆன்லைனில் இதே நேரத்தில் திரையைப் பதிவு செய்துவிடுங்கள். 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த நெறிமுறைகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. "இன்னும் 10 நிமிடம்தான்" என்று ஓடும் கடிகாரம், பக்கத்தைப் புதுப்பித்ததும் மறுபடி பத்திலிருந்து தொடங்கினால் அது போலி அவசரம். கேட்காத காப்பீடோ நன்கொடையோ கூடையில் வந்து உட்கார்ந்தால் அதுவும், கடைசிப் பக்கத்தில் புதிதாகக் கட்டணம் முளைத்தால் அதுவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அன்றைக்கே சேர்த்து வைக்க வேண்டியவை

கடைப் பெயரோடு பலகை தெரியும் படம், பொருளின் விலைச் சீட்டு, பெட்டியின் எல்லாப் பக்கங்களும், பில், பணம் கட்டிய குறுஞ்செய்தி, செய்தித்தாள் விளம்பரம் இருந்தால் முழுப் பக்கத்தோடு. போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிட்டு மூலப்படத்தை அழித்துவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அதைச் செய்யாதீர்கள், எடுத்த தேதியும் நேரமும் மூலக் கோப்பில்தான் இருக்கும். புகாரோடு கொடுக்கும்போது, இந்தப் படங்கள் என் போனில் நானே எடுத்தவை என்று பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி ஒரு சான்றும் இணைத்துவிட்டால் எதிர்த்தரப்பு அதைக் கிளறாது. பெட்டியையும் ஸ்டிக்கரையும் வழக்கு முடியும்வரை வைத்திருங்கள்.

கடையிடம் எழுத்தில் கேளுங்கள்

மேனேஜரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தால் அது எங்கும் பதிவாகாது. மின்னஞ்சலிலோ ஸ்பீட் போஸ்ட்டிலோ எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, நீங்களே எழுதலாம். நம் குக்கருக்கு இப்படி இருந்தால் போதும்:

"தங்கள் கடையில் (தேதி) அன்று (பில் எண்) மூலம் குக்கர் ஒன்றை 2,099 ரூபாய்க்கு வாங்கினேன். 30% தள்ளுபடி என்று பலகையில் அறிவித்திருந்தீர்கள். பெட்டியில் தயாரிப்பாளர் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை 2,150 ரூபாய். அதை மறைத்து 2,999 ரூபாய் என்று ஸ்டிக்கர் ஒட்டப்பட்டுள்ளது. 2,150 ரூபாயில் 30% கழித்தால் 1,505 ரூபாய்தான். கூடுதலாகப் பெற்ற 594 ரூபாயை 15 நாட்களுக்குள் திருப்பித் தரவும், இந்த ஸ்டிக்கர்களை அகற்றவும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். படங்களும் பில் நகலும் இணைப்பில்."

கோபம், வசை, மிரட்டல் எதுவும் வேண்டாம். நாளை நீதிபதி முன்னால் படிக்கப்படும் கடிதம் இது. ஆன்லைன் தளம் என்றால் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள், பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். மின்வணிக விதிகள், 2020-ன்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

1915

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915, தமிழிலும் பேசலாம். வாட்ஸ்அப்புக்கு 88000 01915. இவர்கள் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும். உள்ளூர்க் கடை என்றால் கண்டுகொள்ளாமல் இருக்க வாய்ப்புண்டு. எப்படியானாலும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எம்.ஆர்.பி.யை மறைத்தது, எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றது போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் தனி வழி இருக்கிறது. எடையளவுச் சட்டத்தை இங்கே அமல்படுத்துவது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் கடைக்கே போய்ச் சோதனை செய்ய முடியும். இதில் உங்கள் பணம் திரும்பாது, ஆனால் ஸ்டிக்கர் இறங்கும்.

ஊரையே ஏமாற்றும் விளம்பரம் என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 17-ன்படி மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ புகார் அனுப்பலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவே கொடுத்துவிடலாம். மத்திய ஆணையம் தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். பொருளை வாங்காமல் பலகையை மட்டும் பார்த்தவர்களும் இந்த வழியில் போகலாம். அடுத்துச் சொல்லப்போகும் மாவட்ட ஆணையத்துக்கு வாங்கியவர்தான் போக முடியும், அதுவும் மறுவிற்பனைக்காக வாங்காதவர்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்

இந்தப் பெயரைக் கேட்டதும் கோர்ட், வக்கீல், வாய்தா என்று பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயத்தை நம்பித்தான் 500, 600 ரூபாய் ஏமாற்று வேலைகள் நடக்கின்றன. உண்மையில் இங்கே வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரையிலான வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்கு வரும். கடை சென்னையில், நீங்கள் தென்காசியில் என்றால் தென்காசிக்குரிய ஆணையத்திலேயே போடலாம். நுகர்வோர் வசிக்கிற இடத்திலும் வேலை செய்கிற இடத்திலும் வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம். ஏமாந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம்.

மனுவை நேரிலும் கொடுக்கலாம், நுகர்வோர் ஆணையங்களுக்காக 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். மனுவில் நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள். எதிர்த்தரப்பின் பெயரைப் பலகையிலிருந்து எடுக்காமல் பில்லிலிருந்து எடுங்கள். பலகையில் உள்ள பெயர் ஒன்றாகவும் நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கும், பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை வைத்துச் சரியான பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். ஆன்லைன் என்றால் விற்றவர், தளம் இரண்டு பேரையும் சேருங்கள். கூடவே உறுதிமொழிப் பத்திரம், பில், படங்கள், நீங்கள் அனுப்பிய கடிதம், அது போய்ச் சேர்ந்ததற்கான அஞ்சல் சான்று.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 594 ரூபாய்க்கு 10 லட்சம் இழப்பீடு கேட்டால் நம் மேல் உள்ள நம்பிக்கை குறையும். கூடுதலாக வாங்கிய பணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு, இவற்றோடு அந்த நடைமுறையை நிறுத்தவும் திருத்த விளம்பரம் வெளியிடவும் உத்தரவு கேளுங்கள். பிரிவு 39-ல் இதற்கெல்லாம் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் பின்னால் வாங்குகிறவர்களுக்கு அதுதான் பயன். ஒரே கடையில் பலர் ஏமாந்திருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே வழக்காகவும் போடலாம். சென்னையில் சி.ஏ.ஜி. (அரசுத் தணிக்கைத் துறை அல்ல, அதே சுருக்கப் பெயர் கொண்ட தன்னார்வ அமைப்பு) போன்ற நுகர்வோர் அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கலாம். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் உட்படப் பலருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீலே தரும், எண் 15100.

மனு ஏற்கப்பட்டால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். அவர்கள் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் இழுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லிவிட்டது. சோதனைக்கூடம் தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட அதிகமாகலாம், அந்தப் பொறுமையோடு இறங்குங்கள். ஒவ்வொரு தேதிக்கும் நேரில் வர முடியாது என்றால் காணொலி விசாரணை கேட்டு மனுக் கொடுக்கலாம். நடுவில் கடைக்காரர் சமரசத்துக்கு வருவார். பணத்தோடு ஸ்டிக்கரும் போகுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கி, ஆணையத்தின் முன்னால் பதிவு செய்த பிறகே வழக்கை முடியுங்கள்.

உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். சென்னையிலும் மதுரையிலும் அமர்வு இருக்கிறது. கடை மேல்முறையீட்டுக்குப் போனால், கட்டச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடுங்கள். உத்தரவை மதிக்காதவர்களுக்குப் பிரிவு 72-ன்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த மனுவின் நோட்டீஸ் கைக்குப் போனதும் பெரும்பாலான கடைக்காரர்கள் காசோலையோடு வந்துவிடுவார்கள்.